பின்னாலிருந்து புறப்படும் கால்கள்

உலகத்தில் எல்லா வேலைக்கும் ஒரு பேர் இருக்கிறது. உயிருள்ள இறாலைப் பக்கெட்டில் போட்டு, திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு பஸ்ஸில் கொண்டுபோய், ஒன்றுகூடச் சாகாமல் ஒப்படைக்கிற வேலைக்கு மட்டும் இன்னும் யாரும் பேர் வைக்கவில்லை. கோழியோடும் மீன் கூடையோடும் அழுகிற குழந்தையோடும் பஸ் ஏறி அவஸ்தைப்பட்ட என் சக ஜீவன்களே, இது உங்களுக்குத்தான் புரியும். பக்கெட்டைக் காலுக்கு நடுவில் வைத்தால் பக்கத்து சீட்டுக்காரர் முறைப்பார். மடியில் வைத்தால் பேன்ட் நனையும். இறங்கும்போது பார்க்கிறவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்கள்.

நான் விக்கி. மரக்காணம் பக்கம் கடலோரக் குப்பம். பிளஸ் டூ முடித்த கையோடு இந்த வேலை கிடைத்தது. என்னிடம் இருந்த ஒரே வித்தை, யார் குரலையும் அரை நிமிஷம் கேட்டால் அப்படியே திருப்பிக் கொடுப்பது. அதற்கும் இறாலுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சம்பந்தமே இல்லாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் கௌரி அக்கா ஆராய்ச்சி செய்கிறார். வளவனூர்க்காரர். இறாலின் வயிற்றுக்கு அடியில் நீந்துவதற்கென்று ஐந்து ஜோடிக் குட்டிக் கால்கள் உண்டு. அவை ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல், தாளம் தப்பாமல் எப்படி அடித்துக்கொள்கின்றன, அந்தத் தாளத்தை எந்த நரம்பு போடுகிறது என்பதுதான் அக்காவின் நான்கு வருஷக் கேள்வி. நரம்பை உடம்பிலிருந்து தனியே எடுத்த பிறகும் அது அதே தாளத்தைப் போடுகிறதா என்று ஒரே ஒரு தடவை தெளிவாகப் பதிவு செய்ய வேண்டும். அடுத்த கமிட்டி கூடுவதற்குள் அது கிடைக்காவிட்டால் தலைப்பை மாற்றிவிடுவதாக அவருடைய கைடு சார் சொல்லிவிட்டார். மாற்றுத் தலைப்பும் தயாராக இருந்தது: மார்க்கெட்டுக்கு வரும் இறாலின் நீளத்தை ஸ்கேல் வைத்து அளப்பது. நான்கு வருஷமும் குப்பைக்கு.

ஆக, அக்காவின் நான்கு வருஷம்தான் என் பக்கெட்டில் குலுங்கிக்கொண்டு போய்வந்தது.

ஒரு விசில், ரெண்டு விசில்

ஓமந்தூர்ப் பக்கம் ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவரிடம் காலையில் இறால் வாங்கி, திண்டிவனத்தில் பஸ் பிடிப்பேன். தண்ணீரில் குமிழி விட ஒரு குட்டி பேட்டரி மோட்டார். ஒரு நாள் திண்டிவனம் தாண்டியதும் அது நின்றுவிட்டது. கூட்டேரிப்பட்டில் பேட்டரி விற்கிற கடை இருக்கிறது. ஆனால் நான் ஏறியிருந்த பஸ் விழுப்புரம்வரை எங்கும் நிற்காதது. கண்டக்டர் முன்னால் நின்று டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தார். கடை கண்ணில் பட்டதும் நான் உதட்டைக் குவித்து ஒரே ஒரு விசில் அடித்தேன். அசல் கண்டக்டர் விசில். கூடவே அவருடைய கரகரத் தொண்டையில், "கூட்டேரிப்பட்டு எறங்கு, ஜல்தி, ஜல்தி!" என்றேன். டிரைவர் பிரேக் போட்டார். நான் குதித்து ஓடி, பேட்டரியோடு திரும்பி வந்தால், படியில் கண்டக்டர்.

"எவன்டா என் கொரல்ல கத்தினது?" என்றார். மொத்த பஸ்ஸும் கைநீட்டி என்னைக் காட்டியது. ஒற்றுமை என்றால் அது. நான் பக்கெட் மூடியைத் திறந்து காட்டினேன். உள்ளே ஆறு இறாலும் சாய்ந்து கிடந்தன. மீசை அசையவில்லை, பெரிய கால்கள் அசையவில்லை. வயிற்றுக் கால்கள் மட்டும், நின்றுபோகிற மாதிரி, மெள்ள மெள்ள அடித்துக்கொண்டிருந்தன. பேட்டரியைப் போட்டேன். குமிழி வந்தது. கொஞ்ச நேரத்தில் ஒன்று நிமிர்ந்தது, பிறகு இன்னொன்று. கால்கள் வேகம் பிடித்தன. கண்டக்டர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். டிரைவர் ஹாரன் அடித்தது அவர் காதில் விழவில்லை. கடைசியில் விசிலைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்:

"வண்டி கெளம்ப நான் ரெண்டு விசில் ஊதணும். இதுங்க காலு கெளம்ப யாருடா ஊதறது?"

போண்டாப் பந்தயம்

கண்ணாடித் தொட்டியில் நீந்துகிற இறாலைப் பக்கவாட்டிலிருந்து அக்கா போனில் வீடியோ எடுத்தார். அதை வேகம் குறைத்து ஓடவிட்டுக் காட்டுவதற்கு முன்னால் எங்களிடம் கேட்டார்: "அஞ்சு ஜோடி இருக்கு. எது முதல்ல கிளம்பும், சொல்லுங்க பாப்போம்." எங்களிடம் என்றால், என்னிடமும் வாட்ச்மேன் முனுசாமி அண்ணனிடமும். அண்ணனுக்கு கேட்டில் இருக்க வேண்டிய நேரத்தில் லேபில் நிற்பதுதான் பிடிக்கும். "இதுல என்னாங்கம்மா சந்தேகம்? தலைக்குக் கிட்ட இருக்கறதுதான்" என்றார் அண்ணன். நானும் அதையே சொன்னேன். அக்காவோடு பந்தயம், ஆளுக்கொரு போண்டா.

வீடியோ ஓடியது. வாலுக்குப் பக்கத்தில் இருக்கிற ஐந்தாவது ஜோடிதான் முதலில் பின்னால் தள்ளியது. அது கொஞ்சம் போனதும் நான்காவது. பிறகு மூன்றாவது. வாலிலிருந்து தலைப் பக்கமாக, வளவனூர் வயலில் காற்று ஒரு வரப்பிலிருந்து அடுத்த வரப்புக்குப் போகிற மாதிரி, ஓர் அலை போனது. போய் முடிவதற்குள் பின்னாலிருந்து அடுத்த அலை. இறால் மெள்ள நீந்தினாலும் சரி, விரட்டும்போது பறந்தாலும் சரி, பின்கால் தன் வீச்சில் எவ்வளவு பங்கு போனதும் முன்கால் கிளம்புமோ, அந்தப் பங்கு ஏறக்குறைய மாறுவதே இல்லை. நான் அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. போண்டா ஆறிப்போனது.

அக்கா சொன்னார்: வயிற்றுப் பக்கம் நெடுகிலும் வெள்ளை நூல் மாதிரி ஒரு நரம்பு ஓடுகிறது. ஒவ்வொரு ஜோடிக் காலுக்கும் அதில் ஒரு முடிச்சு. ஒவ்வொரு முடிச்சுக்கும் தனியாகத் தாளம் போடத் தெரியும். "நான் இப்ப இந்த இடத்துல இருக்கேன்" என்று பக்கத்து முடிச்சுகளுக்குச் சேதி மட்டும் அனுப்பிக்கொண்டே இருக்கும். தலை, "நீந்து", "நிறுத்து" என்பதோடு சரி. நான் அக்காவிடம் தோற்ற போண்டாவை முனுசாமி அண்ணன் என் கையிலிருந்தே பிடுங்கித் தின்றபடி யோசித்தார்:

"அப்ப இத்தினி நாளா நம்ம தலைய நம்பி ஏமாந்துட்டமா விக்கி?"

நூல் பேசியது

இறாலை ஐஸில் வைத்து, சுத்தமாக உணர்வு போன பிறகுதான் அக்கா கத்தியைத் தொடுவார். பூதக்கண்ணாடி வழியே அந்த வெள்ளை நூலைப் பிரித்தெடுத்து, குளிர்ந்த உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு, முடிச்சுக்கு ஒன்றாக முடி போன்ற கம்பிகளைப் பொருத்துவார். நரம்பு துடித்தால் கம்ப்யூட்டர் திரையில் கோடு குதிக்கும், ஸ்பீக்கரில் சத்தம் கேட்கும். வேறு கரண்ட் சத்தம் புகாமல் இருக்க எல்லாவற்றையும் சுற்றிச் செம்புக் கம்பி வலையில் ஒரு கூண்டு. பார்க்கக் கொசுவலை மாதிரியே இருக்கும்.

ஒரு நாள் மத்தியானம் ஸ்பீக்கரில் இரைச்சல். பிறகு அதற்குள்ளிருந்து கணீரென்று ஓர் ஆண் குரல்: "நிலக்கடலை வரத்து அதிகரித்துள்ளது..." எங்கள் பக்கத்து மல்லாட்டைதான். அக்கா திரும்பி நேராக என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக் காட்டினேன். குரல் நிற்கவில்லை. உளுந்து, எள், மரவள்ளி என்று போய்க்கொண்டே இருந்தது. ஏரித் தண்ணீரில் வளர்ந்த ஒரு நூல் சந்தை நிலவரம் வாசிக்கிறது! காலேஜ் எலெக்ட்ரீஷியனை ஓடிப்போய் அழைத்து வந்தேன். அவர் கூண்டைச் சுற்றிவந்து, எர்த் கம்பி கழன்று தொங்குவதைக் காட்டினார். எர்த் இல்லாததால் எங்கள் ஒயர் எல்லாம் சேர்ந்து ஏரியலாகி, எந்த ஸ்டேஷனையோ பிடித்திருக்கிறது. கம்பியை முறுக்கிவிட்டு, கிண்ணத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"மேடம், ஏரில பொறந்ததுக்கு எதுக்குங்க மல்லாட்டை வெல?"

திரும்பிப் போன பயணி

வயிற்றில் முட்டை ஒட்டியிருக்கிற இறாலை அக்கா தொட மாட்டார். ஒரு தடவை நான் கவனிக்காமல் அப்படி ஒன்றைக் கொண்டுபோய்விட்டேன். "வந்த வழியே கொண்டுபோய் ஏரியில விட்டுட்டு வா" என்றார். டவுன் பக்கம் ஒரு வாய்க்காலில் விட்டால் ஆகாதா என்று கைடு சார் குரலில் கேட்டுப் பார்த்தேன். ஆகாது என்று அக்கா அவருடைய சொந்தக் குரலிலேயே சொல்லிவிட்டார்.

திண்டிவனம் பஸ்ஸில் சரியான கூட்டம், சரியான வெயில். பக்கத்தில் ஓர் அக்கா, மடியில் தூங்குகிற கைக்குழந்தை. பஸ் ஏறியதிலிருந்து மடித்த பேப்பரால் அதற்கு விசிறிக்கொண்டே வந்தார். பக்கெட்டில் என்ன என்று கேட்டார். திறந்து காட்டினேன். இறால் அசையாமல் அடியில் நின்றிருந்தது. எங்கும் நீந்திப் போகவில்லை. ஆனால் வயிற்றுக் கால்கள் அதே வரிசையில், பின்னாலிருந்து முன்னால், பின்னாலிருந்து முன்னால் அடித்துக்கொண்டிருந்தன. "முட்டைங்களுக்குத் தண்ணி மாத்தி விடுதுக்கா. இல்லாட்டி மூச்சு முட்டிடும்" என்றேன். "எம்மா நேரமா?" "ஏரிலருந்து கெளம்பி, விழுப்புரம் போயி, இப்பத் திரும்பி வர்ற வரைக்கும் வுட்டு வுட்டு இதே வேலதான்." அந்த அக்காவின் கை விசிறுவதை நிறுத்திவிட்டது. பிறகு என்னை விட்டுவிட்டு, பக்கெட்டைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"ஏம்மா, எனக்குக் கையி ஒடையுது. உனக்கு வலிக்கலியா?"

கத்தாத வலை

எங்கள் குப்பத்தில் கரைவலை இழுக்கும்போது குரல் கொடுக்கிறவர் என் சித்தப்பா. அவர் ஒரு சத்தம் போட்டால் மொத்தக் கூட்டமும் ஒரு இழுப்பு. அந்தச் சத்தத்தை நான் ஒரு முறை குப்பைமேட்டுக்குப் பின்னாலிருந்து தப்பான நேரத்தில் போட்டு, பன்னிரண்டு பேரை மணலில் மல்லாக்கத் தள்ளிய கதை வேறு. இந்தத் தடவை அவரிடம் நேராகவே கேட்டேன்: "சித்தப்பா, கொஞ்ச நேரம் வாய மூடிக்கினு இரு." அடி விழுவதற்குள் விஷயத்தைச் சொன்னேன். வலை கரைக்கு வந்துவிட்டது. கடைசிக் கயிறுதான் பாக்கி. ஐந்து பேர் வரிசையாகப் பிடித்தோம். கடைசி ஆள் முதலில் இழுக்க வேண்டும். அவர் கொஞ்சம் இழுத்ததும் அவருக்கு முன்னால் இருப்பவர். அப்படியே தண்ணீர்ப் பக்கம் வரைக்கும். யாரும் யாருக்கும் சத்தம் கொடுக்கக் கூடாது. கயிற்றில் கைக்குத் தெரிகிற இழுப்பைத்தான் நம்ப வேண்டும்.

முதல் தடவை ஒருவர் காலை ஒருவர் மிதித்தோம். இரண்டாவது தடவை என் மாமா உட்கார்ந்தேவிட்டார். கெட்ட வார்த்தைகளில் அன்றைக்குப் புதிதாக இரண்டு கற்றேன். ஐந்தாவதோ ஆறாவதோ தடவை, எப்படி என்று தெரியவில்லை, பிடித்துக்கொண்டது. எனக்குப் பின்னால் ஓர் இழுப்பு, என் கையில் அது வந்தது, நான் இழுத்தேன், அது எனக்கு முன்னால் போனது. கயிறு வெட்டாமல், நிற்காமல், ஆறு மாதிரி வந்துகொண்டே இருந்தது. கடல் மட்டும் பேசியது. ஐந்து பேருக்கும் ஒரே உடம்பு ஆனது போலிருந்தது. கயிறு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் கைகளை யாரும் கீழே போடவில்லை. சித்தப்பா மட்டும் கரகரத்த தொண்டையைத் தடவிக்கொண்டு என்னைத் தனியே கூப்பிட்டார்:

"இத வெளிய எவங்கிட்டயும் சொல்லாத. இத்தினி வருசமா நான் கத்தனது வீணுன்னு ஆயிடும்டா."

நான் போட்ட தாளம்

இப்போது என் அயோக்கியத்தனம். கமிட்டிக்குப் பத்து நாள் இருந்தது. கிண்ணத்தில் போட்ட நூல்கள் ஒன்றுகூடப் பேசவில்லை. ஒரு சொட்டு மருந்து விட்டால் விழித்துக்கொள்ள வேண்டும், விழித்துக்கொள்ளவில்லை. எப்படிப் பேசும் என்று அக்கா எப்போதோ ஒரு பழைய ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டியிருந்தார். கடுகு தாளிக்கிற மாதிரி ஒரு பொரிச்சல், ஓர் இடைவெளி, மறுபடி பொரிச்சல். அரை நிமிஷம் கேட்டால் எனக்குப் போதும் என்றுதான் சொன்னேனே. அக்கா பூதக்கண்ணாடியில் கண்ணை வைத்து அசையாமல் இருந்தார். நான் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் குனிந்து, நாக்கை மேலண்ணத்தில் வைத்து, "ப்ர்ர்ர்ட்... ப்ர்ர்ர்ட்... ப்ர்ர்ர்ட்..."

அக்கா மூச்சை நிறுத்திவிட்டார். கண்ணைக் கண்ணாடியிலிருந்து எடுக்காமல், ஒரு கையால் தடவிப் போனை எடுத்து, "சார், வந்துடுச்சு சார்! சார், பேசுது சார்!" என்றார். அப்போதே நான் நிறுத்தியிருக்க வேண்டும். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு வாய் உலர்ந்துவிட்டது, அதனால்தான் நின்றது. கைடு சார் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு, கையில் சாக்பீஸோடு ஓடி வந்தார். திரையில் கோடு நேராக, தூங்குகிற பாம்பு மாதிரிக் கிடந்தது. நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். சார் என்னைத் திட்டவில்லை. அக்காவையும் திட்டவில்லை. சாக்பீஸை மேஜைமேல் வைத்துவிட்டு, ஸ்கேல் தலைப்புத் தாளை அதன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அக்கா என்னை வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். அக்கா கண்ணாடியைத் துடைத்து, கிண்ணத்தை மூடிவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டார்:

"நீ செஞ்சது நல்லா இருந்துச்சு விக்கி. நிஜம் வந்தா எனக்கு எப்படிடா தெரியும்?"

ஆறு நொடி

அதற்குப் பிறகு லேபில் நான் யார் குரலும் எடுக்கவில்லை. என் குரலையே குறைத்துக்கொண்டேன். ஓமந்தூர் போய், ஏரிக்காரரிடம் கெஞ்சி, துள்ளுகிற இறாலாகப் பொறுக்கி எடுத்து வந்தேன். கமிட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது, மத்தியானம், அக்கா ஒரு நூலைப் பொருத்திக்கொண்டிருந்தார். நான் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து வறுத்த மல்லாட்டையை வாயில் போட்டுக்கொண்டிருந்தேன். மருந்து விட்டுக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. ஸ்பீக்கரில் லேசாக ஒரு பொரிச்சல். நின்றது. மறுபடி வந்தது. ஐந்தில் ஒரு முடிச்சு மட்டும். என் வித்தையை விட மெலிசாக, ஒவ்வொரு முறையும் முதலில் தயங்கி, பிறகு கூடி, பிறகு தேய்ந்து. எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது எனக்கு.

"விக்கி, வேணாம்" என்றார் அக்கா, கண்ணை எடுக்காமலே. வாய் முழுக்க மல்லாட்டை. நான் "ம்ம்ம்" என்றேன். அது கேலி மாதிரிக் கேட்டிருக்கும். "வேணாம்னு சொல்றேன்ல!" என்று அக்கா சட்டென்று திரும்பினார். முழங்கை கம்பி பிடித்திருந்த தாங்கியில் இடித்தது. என் உப்பிய கன்னத்தைப் பார்த்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார். அது மௌனமாகிவிட்டது. திரையில் கடைசியாகக் குதித்த கோடுகள் இடப் பக்கமாக நகர்ந்து, ஓரத்தில் மறைந்தன. பதிவு பட்டனை அழுத்தியிருக்கவில்லை. கிண்ணத்தில் நூல் இரண்டாக அறுந்து கிடந்தது. மொத்தம் ஆறு நொடி இருக்கும்.

மல்லாட்டையை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அக்கா அழுவார் என்று பார்த்தேன். அழவில்லை. பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார்:

"நான் கோவத்துல சரியாக் கேக்கல. எப்படி இருந்துச்சுன்னு சொல்லு. செஞ்சு மட்டும் காட்டாத."

ஜன்னலுக்கு வெளியே

கமிட்டிக்கு முந்தின நாள். பக்கெட்டில் இரண்டு இறால் மிச்சம். முதல் நூல் காலையிலேயே செத்துவிட்டது. இரண்டாவதை எடுப்பதற்கு முன்னால் நானே சொன்னேன்: "அக்கா, நான் வெளிய நிக்கிறேன். ஜன்னல்ல மூஞ்சி தெரியிற மாதிரி நிக்கிறேன். சத்தம் வந்தா என்னப் பாருங்க. என் வாய் சும்மா இருந்தா அது நிஜம்." அக்கா ஜன்னலைச் சாத்தினார். நான் வாய் நிறையத் தண்ணீர் ரொப்பிக்கொண்டேன். சந்தேகத்துக்கே இடம் வைக்கக் கூடாது, இல்லையா? முனுசாமி அண்ணன் கேட்டை விட்டுவிட்டு வந்து, என் பக்கத்தில் நின்றுகொண்டு, என்னைச் சிரிக்கவைக்க என்னென்னவோ செய்தார். அடக்கிக்கொண்டு நின்றேன். வெயில் பின்மண்டையில் இறங்கியது. கன்னம் வலித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா முதலில் பதிவு பட்டனை அழுத்தினார், பிறகு மருந்தை விட்டார், பிறகு காத்திருந்தார்.

எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அக்காவின் முதுகு மட்டும் தெரிந்தது. வெகுநேரம் கழித்து அந்த முதுகு நிமிர்ந்தது. மெதுவாக, ரொம்ப மெதுவாக, முழங்கை எதிலும் படாமல், அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். என் கன்னம் உப்பியே இருந்தது. வாயிலிருந்து ஒரு சொட்டு வழிந்தது. அக்கா வலது கையைக் கண்ணாடிக்கு நேராகத் தூக்கினார். சுண்டு விரல் மடங்கியது. அது பாதி போனதும் மோதிர விரல். பிறகு நடுவிரல். ஆள்காட்டி விரல். கட்டை விரல். கட்டை விரல் முடிப்பதற்குள் சுண்டு விரல் மறுபடி கிளம்பிவிட்டது. ஒன்றில்லை, ஐந்து முடிச்சும் பேசுகின்றன. வாலிலிருந்து தலைக்கு, வரிசை தப்பாமல். ஸ்பீக்கருக்குள் நடப்பதை அந்த விரல்கள் எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தன. அக்காவின் முகத்தில் நான் இதுவரை யாரிடமும் பார்க்காத ஒன்று இருந்தது. எந்தக் குரலிலும் அதைத் திருப்பிக் கொடுக்க எனக்குத் தெரியாது. தண்ணீரை விழுங்கிவிட்டேன். விழுங்கியதே தெரியவில்லை.

கதவைத் திறந்து எங்களை உள்ளே விட்டார். கைடு சாரும் வந்தார், இந்த முறை நடந்தேதான் வந்தார். முதலில் என்னை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், பிறகு ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார். ஐந்து பொரிச்சல், ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்று முடியுமுன் இன்னொன்று. நேரம் போய்க்கொண்டே இருந்தது, அது நிற்கவில்லை. சார் மேஜையிலிருந்த ஸ்கேல் தலைப்புத் தாளை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நாளைக்குக் கமிட்டியில இத அப்படியே போட்டுக் காட்டும்மா, கௌரி" என்றார். அக்கா தலையாட்டினார். முனுசாமி அண்ணன்தான் கிண்ணத்தின் மேல் குனிந்து நின்றார். உள்ளே ஒரு வெள்ளை நூல், அவ்வளவுதான். ஓடு இல்லை, மீசை இல்லை. தண்ணீர் அசையவே இல்லை. அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கோயிலில் கேட்கிற குரலில் கேட்டார்:

"ஒடம்பும் இல்ல, காலும் இல்ல. அப்ப நீஞ்சறது யாருங்கம்மா?"

ஆகவே, பக்கெட் தூக்கிப் பிழைக்கும் என் சொந்தங்களே, நான் அத்தனை நாளும் பஸ் ஏற்றிக் கொண்டுபோனது வெறும் தண்ணீரைத்தான். இறால் பக்கெட்டுக்குள்ளேயே காலை அடித்துக்கொண்டு, தன் பாட்டுக்கு விழுப்புரம்வரை நீந்தியே வந்திருக்கிறது.